திரையின் மூலையில் ஒரு பொட்டு

பெரியப்பாவை மூன்று மணிக்கு எடுப்பதாக இருந்தது. கண்ணீர் அஞ்சலி பேனருக்காகக் காரமடையில் ஒரு பிளக்ஸ் கடையில் காத்திருந்தேன்.

டிசைன் செய்யும் அக்கா ஒவ்வொரு கிளிக்குக்கும் முன்னால் உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். அன்று காலைதான் கம்ப்யூட்டரில் புது ஓ.எஸ். ஏறியிருந்தது. திரையில் எல்லாம் ஓரம் உருண்டு பளபளத்தது. இடது மூலையில் இருந்த ஸ்டார்ட் பட்டன் நடுவுக்குப் போயிருந்தது.

"அடுத்தவங்க ஊட்டுச் சமையக்கட்டுல நிக்கறாப்பல இருக்குதுங்க" என்றார்.

பழைய பட்டனுக்கு நேர் கீழே, திரையின் சட்டத்தில், ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமப் பொட்டு. மவுஸ் அம்பு பழக்கத்தில் அங்கேயே போய் முட்டியது.

"நேத்துக் குடுத்த பெரியப்பா படம் அழிஞ்சிருக்காதுங்களே அக்கா?"

"இருக்குமுங்க. எடத்தைத்தான் மாத்திப்போட்டாங்க." குரலில் உறுதி இல்லை.

தேடித் தேடி, கடைசியில் படம் கிடைத்தது. பேனர் அச்சாகும்போது அவர் குங்குமம் எடுத்துச் சட்டத்தின் நடுவில் புதிதாக ஒரு பொட்டு வைத்தார். பழையதை அழிக்கவில்லை.

"அது எதுக்குங்க இன்னும்?"

"மறுபடியும் அங்கயே வந்துபோட்டா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்குப் போனேன். கூடத்திலிருந்த பெரியப்பாவின் கட்டிலை வெளியே போட்டிருந்தார்கள். அது கிடந்த இடத்தை மிதிக்காமல் எல்லோரும் சுற்றிக்கொண்டே நடந்தார்கள். நானும்தான்.