பன்றிக் குன்றுக்கு இடமுண்டு, ஆட்காட்டிவெளிக்கு இல்லையாம்

இன்றைக்குத் தேநீர் இடைவேளையில் வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நான் ஆல்பனியில் ஒரு முதியோர் இல்லத்தில் சமைக்கிறேன். வேலைசெய்கிறவர்களின் ஊர்ப் பெயரையும் அதன் அர்த்தத்தையும் எழுத அங்கே ஒரு பலகை மாட்டியிருக்கிறார்கள். எழுதுகிறவர் எங்கள் மேலாளர் ஜெஃப், இங்கிலாந்துக்காரர்.

முதலில் தன் ஊரை எழுதினார். ஸ்விண்டன். பன்றிகள் மேய்ந்த குன்று என்று அர்த்தமாம், ஆயிரம் வருடப் பெயராம். பத்து நிமிடம் விளக்கினார். எல்லோரும் கைதட்டினோம், நானுந்தான்.

பிறகு என் முறை. மன்னாரில் எங்கள் ஊர் ஆட்காட்டிவெளி என்றேன்.

"அது நீளம். சிறீலங்கா என்றே போடுவோம்."

எழுதிவிட்டுப் பேனாவை மூடினார். அர்த்தம் கேட்கவேயில்லை.

"விடுங்க அக்கா, போர்டுதானே லா" என்றாள் என்னோடு சமைக்கிற மலேசியக்காரி சரோ.

"என்னெண்டடி விடுறது? அவற்ற பண்டிக்கு ஆயிரம் வருசக் கதை, என்ர பறவைக்கு ஒரு வரி இல்லையோ?"

பேனாவைப் பறித்து, சிறீலங்காவை அழித்துவிட்டு நானே எழுதினேன்: "ஆட்காட்டிவெளி. ஆள் வந்தால் கத்தி ஊரைக் கூட்டும் பறவையின் வெளி."

சரோ அதை ஆங்கிலத்தில் சொல்ல, ஜெஃபின் முகம் சிவந்தது.

நான் கத்தினது கொஞ்சம் கூடிப்போச்சாம், சரோ சொல்கிறாள். ஊர்க்குணம், என்ன செய்ய?

உங்கள் ஊர்ப் பெயரையும் அர்த்தத்தோடு கீழே எழுதுங்கோ. நாளைக்கு அவருக்குப் பத்து நிமிடம் வாசித்துக் காட்டவேண்டும்.