செத்த ஈஸ்டும் சோதனைச்சாவடியும்

போர் முடியும் காலத்தில் நான் மட்டக்களப்பில் உயிரியல் படித்துக்கொண்டிருந்தேன். ஈஸ்டின் கலச்சுவரில் ஒரு நொதியம், அதாவது என்சைம், இருக்கிறது. இரசாயனம் ஊற்றி ஈஸ்டைக் கொன்றாலும் அது வேலை செய்யும். சீனிப்பாணியை இன்னும் இனிப்பாக மாற்றும். அப்படிக் கொன்ற ஈஸ்டை ஜெல்லில் பொதிந்து, சவ்வரிசி போன்ற மணிகளாக்கியிருந்தேன். பல்கலைக்கழக வளாகத்தைத் திடீரென மூடியதால், அவற்றை ஒரு போத்தலில் போட்டு, செட்டிபாளையத்தில் எங்கள் வீட்டு பிரிட்ஜில் வைத்திருந்தேன்.

வளாகம் திறந்து, திரும்பக் கொண்டுபோன காலையில் சோதனைச்சாவடியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். ஆமிக்காரன் ஒருவன் என் போத்தலை வெயிலில் தூக்கிப் பார்த்தான்.

"இது என்ன?"

"ஈஸ்ட், ஐயா. பேக்கரியில பாணுக்குப் போடுறது. படிப்புக்குக் கொண்டுபோறன்."

"பாணுக்கா? அப்ப சாப்பிடு."

எவ்வளவு கழுவியிருந்தாலும் அந்த இரசாயனம் கொஞ்சம் மிஞ்சியிருக்கலாம். அதைச் சொன்னால் குண்டுச் சாமான் என்பான். முந்திய மாதம் இதே இடத்தில் இறக்கப்பட்ட ஒருவர் வீடு திரும்பவேயில்லை.

பின்னால் நின்ற மீன்காரி மெதுவாக, "தின்னு மகள், இல்லாட்டி விடமாட்டானுகள்" என்றாள்.

ஒரு மணியை விழுங்கினேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு போத்தலைத் தந்து, போகச் சொல்லிக் கையசைத்தான்.

வளாகத்தில் மணிகளின் மேல் பாணியை ஊற்றிச் சோதித்தோம். நொதியம் வேலை செய்தது. கூடப் படித்தவள் கைதட்டினாள். நானோ வயிற்றுவலி முதலில் வருமா, என்னைத் தேடி ஆமி ஜீப் வருமா என்று மாலைவரை பயந்திருந்தேன். இரண்டும் வரவில்லை. ஆனாலும் படிப்பு முடியும்வரை பையில் ஒரு தண்ணீர்ப் போத்தல்கூடக் கொண்டுபோகவில்லை.