எண்ணிப் பழகிய மென்பொருள்

பதினெட்டு வருடங்களாக ஒரே மென்பொருளில்தான் வேலை செய்துவந்தேன். உரும்பிராயில், பதாகை அச்சிடும் ஒரு பனர் கடை. கண்ணீர் அஞ்சலி, முப்பத்தோராம் நாள் நினைவு, பிறந்தநாள், கோயில் திருவிழா, எல்லாம் என் கையால்தான் போகும். வேகமான கை என்று முதலாளி சொல்வார். அந்த மென்பொருளில் உள்ள ஒரு சொல்லையும் என்னால் வாசிக்க முடியாது என்பது அவருக்குத் தெரியாது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். தமிழ் நன்றாக வாசிப்பேன். ஆங்கிலத்தில் எழுத்துகள் தெரியும், அவை சேர்ந்து நின்றால் தெரியாது. நிழல் போடவேண்டுமென்றால் மேலே ஐந்தாவது சொல்லைத் தட்டி, கீழே எட்டு எண்ணி இறங்குவேன். போகப்போக எண்ணவும் தேவைப்படவில்லை. கை தானாகப் போய் நின்றது.

இப்போது வெளிநாட்டில் இருப்பவர்கள் தொலைபேசியில் அனுப்புவதற்கு அஞ்சலி கேட்கிறார்கள். அதில் விளக்குச் சுடர் ஆடவேண்டும். முதலாளி எங்கிருந்தோ ஆயத்தமான ஒன்றை எடுத்து ஒட்டுவார். எல்லா வீட்டுச் சாவுக்கும் ஒரே சுடர். அதை நானே வரைய வேண்டும் என்ற ஆசையில்தான், இணையத்தில் தமிழில் நடக்கும் அனிமேஷன் வகுப்பில் சேர்ந்தேன்.

படிப்பிக்கிற மிஸ் ஏதோ குளிர்நாட்டில் இருக்கிறார். பேச்சு மட்டும் எங்கள் பக்கத்துக் கரவெட்டிப் பேச்சு. என்னிலும் இருபது வயது இளையவர். முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்டார்.

"எல்லாரும் ஒரே மென்பொருளுக்கு மாறவேணும். பழசில இதைச் செய்யேலாது. வாற ஞாயிறு ஒரு பந்து விழுந்து எழும்புறதைக் காட்டவேணும். காட்டாத ஆக்களின்ரை இடத்தைக் காத்துக்கொண்டிருக்கிற ஆக்களுக்குக் குடுத்திடுவன்."

புதிய மென்பொருளைத் திறந்து, மேலே ஐந்தாவதைத் தட்டி எட்டு எண்ணினேன். திரையில் இருந்ததெல்லாம் காணாமல் போனது.

அந்தக் கிழமை முழுவதும் விடிய எழுந்து, வேலைக்குப் போகுமுன் அதோடு மல்லுக்கட்டினேன். தோள் இறுகிப்போய்விட்டது. வெள்ளிக்கிழமை, வேறு வழியில்லாமல் மனைவியைக் கூப்பிட்டேன். அவள் பதினோராம் வகுப்பில் சாதாரணதரம் வரை படித்தவள், ஆங்கிலம் வாசிப்பாள்.

"உதில என்ன எழுதிக் கிடக்கு, வாசியும்."

அவள் திரையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "அப்ப இவ்வளவு காலமும் வாசிக்கத் தெரியாமல்தான் உந்தக் கடையில இருந்தனீங்களோ?"

"மெல்லமாக் கதையும். பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்."

அவள் ஒவ்வொன்றாக வாசித்தாள். "இது வெங்காயத் தோல்."

"வெங்காயமோ?"

"அப்பிடித்தான் கிடக்கு. வாசிச்சுத்தான் சொல்லலாம். வெங்காயத்துக்கு நான் என்னப்பா செய்ய?"

முன் படத்தை மங்கலாகக் காட்டும் வசதிக்குத்தான் அந்தப் பெயர் என்பது பிறகுதான் தெரிந்தது. அவளுக்கு வாசிக்கத் தெரிந்தது, வேலை தெரியவில்லை. எனக்கு மற்றப்பக்கம். சனிக்கிழமை நானே பன்னிரண்டு பந்துகளை வரைந்து முடித்தேன், மேலிருந்து கீழாக, பிறகு கீழிருந்து மேலாக. ஓடவிடும் பொத்தானை அழுத்தினேன். பன்னிரண்டும் நின்ற இடத்திலேயே நின்றன. பனரில் எல்லாமே ஒரே தாளில்தான் வரும். அந்தப் பழக்கத்தில் எல்லாப் பந்தையும் ஒரே படத்தில் வரைந்திருக்கிறேன் என்பது எனக்கு அப்போது பிடிபடவில்லை.

மனைவி எட்டிப் பார்த்தாள். "பந்து விக்கிற கடை மாதிரிக் கிடக்கு."

ஞாயிறு இரவு வகுப்பில் என் முறை வந்தது. கமராவை நான் எப்போதும் மூடித்தான் வைப்பேன். திரையை மட்டும் காட்டினேன். யாரோ சிரித்தது கேட்டது.

"அண்ணை, ஒவ்வொரு பந்தும் தனித்தனிப் படமா வரவேணும்" என்றார் மிஸ். "இன்சேர்ட் எண்டு இருக்குதே, அதை அமத்துங்கோ."

"எங்கை, மிஸ்?"

"அங்கைதான் எழுதியிருக்குது, அண்ணை."

என் அம்புக்குறி திரை முழுவதும் அலைந்தது. பத்தொன்பது பேர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வகுப்பை விட்டு வெளியேறும் பொத்தான் சிவப்பு. அதற்கு வாசிப்புத் தேவையில்லை. அம்புக்குறியை அதன்மேல் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"மிஸ், எனக்கு இங்கிலிஷ் வாசிக்கத் தெரியாது."

எனக்குக் காது சுட்டது.

"அதை முதலே சொல்லியிருக்கலாமே, அண்ணை. சரி, கீழ் வரிசையைப் பாருங்கோ. இடப்பக்கத்திலயிருந்து நாலாவது."

"ஓம், மிஸ்."

"மற்றாக்கள் காட்டட்டும். நீங்கள் ஒவ்வொண்டா மாத்திக்கொண்டிருங்கோ. கடைசியாப் பாப்பம்."

மற்றவர்களின் பந்துகள் துள்ளிக்கொண்டிருக்க, நான் என் பன்னிரண்டையும் பிரித்துப் பிரித்து வைத்தேன். முடிவில் ஓடவிட்டபோது பந்து விழுந்தது. தரையில் ஒருமுறை பக்கமாக நடுங்கியது. பிறகு எழும்பியது.

"நடுவில ஒரு படம் மாறி விழுந்திட்டுது. பரவாயில்லை, இது காணும்" என்றார் மிஸ். அதோடு வகுப்பை முடித்துவிட்டார்.

கணினியை மூடினேன். மனைவி தேத்தண்ணியோடு வந்தாள்.

"என்னவாம்?"

"இருக்கச் சொல்லிப் போட்டா."

"பிறகேன் முகத்தை உப்பிடி வச்சிருக்கிறியள்?"

கோப்பையை வாங்கினேன். இடம் கிடைத்துவிட்டது, சந்தோசம்தான். ஆனால் அந்தப் பத்தொன்பது பேரில் இந்தப் பக்கத்து ஆட்கள் எத்தனை பேரோ, அவர்களில் யாராவது ஒருநாள் பனருக்குக் கடைக்கு வந்து முதலாளியிடம் சொல்லிவிடுவாரோ என்று யோசித்துக்கொண்டிருந்தேன். தேத்தண்ணி ஆறிவிட்டது. குடித்துவிட்டுப் படுத்தேன்.