காலி டப்பாக் கடை

ஒன்றாம் வகுப்பில் நான் மளிகைக் கடை வைத்திருந்தேன். பொய் இல்லை. ஆவடியைத் தாண்டி, கோவில்பதாகைப் பக்கம் இருந்த எங்கள் ஆரம்பப் பள்ளியில், ஒன்றாம் வகுப்பின் பின்சுவரை ஒட்டி ஒரு பழைய மர அலமாரி. அதற்கு முன்னால் ஒரு பெஞ்சு, இரண்டுக்கும் நடுவில் ஒரு முக்காலி. முக்காலியில் உட்கார்ந்திருப்பவர்தான் முதலாளி. அந்த வருடம் அதில் அதிக நாள் உட்கார்ந்தவன் நான். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் குரலில் கொஞ்சம் பெருமை எட்டிப் பார்க்கிறது, வெட்கங்கெட்ட ஜென்மம்.

எல்லாம் புதிதாக வந்த டீச்சரின் ஏற்பாடு. எங்கேயோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்தவர், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முதலில் விளையாட்டுதான் பாடம் என்று சொல்லி, சிலேட்டுகளை எல்லாம் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார். ஒரு மூலையில் ஏரிமண்ணைப் பிசைந்து சட்டி பானை செய்வோம். இன்னொரு மூலையில் புளியங்கொட்டைகளைப் பத்துப் பத்தாகக் கூறு கட்டுவோம். கடையில், டப்பாவின் மேல் ஒட்டியிருக்கும் எழுத்தைக் காட்டிப் படித்தால்தான் சாமான் கிடைக்கும். ‘ப’ எனக்குப் பவுடர் டப்பாவில்தான் அறிமுகமானது. நாங்கள் குடியிருந்த ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் யாருக்கும் இது பிடிக்கவில்லை. “அனுப்புறது படிக்கவா, கடை போடவா?” என்று அப்பா ஃபேக்டரியிலிருந்து வந்து சட்டையைக் கழற்றும்போதெல்லாம் கேட்பார்.

கடைக்குச் சரக்கு நாங்களே கொண்டுவர வேண்டும். வீட்டில் தீர்ந்துபோன டப்பா, பாட்டில் எதுவானாலும் சரி. கடையில் இல்லாத புதுச் சரக்கு கொண்டுவந்தவருக்கு அன்றைக்கு முக்காலி. இந்தச் சட்டம் வந்த மறுநாளே நான் அம்மாவின் தேங்காய் எண்ணெயைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டுக் காலி டின்னோடு பள்ளிக்கூடம் போனேன். சாயங்காலம் அம்மா முதுகு வீங்க வைத்தாள். அதோடு விடாமல், மறுநாள் வகுப்புக்கே வந்து டீச்சரிடமும் ஒரு பாட்டம் கத்திவிட்டுப் போனாள். டீச்சர் எங்களை உட்கார வைத்து விரலை ஆட்டிச் சொன்னார். “தானா காலியானதுதான் கொண்டு வரணும். உள்ள கொஞ்சம் இருந்தாலும் வேண்டாம். யாரும் கொட்டக் கூடாது. புரியுதா?” புரிந்தது என்று எல்லோரும் கத்தினோம்.

அப்படிப் புரிந்துகொண்டவர்களில் என் அத்தை மகளும் ஒருத்தி. அத்தை அப்பாவின் தங்கை. மாமா லாரியில் லோடு ஏற்றி இறக்குகிறவர். ஏரிக்கரைப் பக்கம் ஓலை வேய்ந்த ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தார்கள். எங்கள் வீட்டுக்கு ஃபேக்டரி கேன்டீனிலிருந்து மாதாமாதம் பிஸ்கட் டின், பவுடர் டப்பா எல்லாம் வரும். அத்தை வீட்டில் டப்பா என்ற ஒன்றே கிடையாது. டீத்தூள் பொட்டலம், சர்க்கரை பொட்டலம், எண்ணெய்க்கு மட்டும் ஒரு கிண்ணம். பொட்டலத்தை எந்த அலமாரியில் அடுக்குவது? பள்ளி திறந்து நான்கு மாதத்தில் அவள் ஒருநாள்கூட முதலாளியாகவில்லை. ஒருமுறை அத்தையின் குங்குமச் சிமிழைக் கொண்டுவந்தாள். திறந்து பார்த்துவிட்டு, யாரும் சொல்லாமலே, “இன்னும் கொஞ்சம் கீது டீச்சர்” என்று மூடிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டாள். நானாக இருந்தால் துடைத்திருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அத்தை அவளையும் ஒரு துணிப்பையையும் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அத்தைக்கு ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. அம்மா ஒன்றும் கேட்காமல் சோறு போட்டாள். அத்தை தட்டைத் தொடவில்லை.

“நான் இனிமே அங்க போவல அண்ணா. இங்கயே ஒரு மூலையில கெடக்குறேன்.”

“இன்னா பேச்சு இது? குவார்ட்டர்ஸ்ல நாலு பேர் பாக்குறான். நாளைக்கு எவன் என்னை மதிப்பான்? புருசன்னா கோவத்துல கை நீட்டத்தான் செய்வான். எழுந்திரு, உன் ஊட்டுக்குப் போ. அடுத்த வாரம் வந்து நான் அவன்கிட்ட பேசுறேன்.”

அத்தை மறுபடி ஏதோ சொன்னாள். அப்பா ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார்.

நாங்கள் இருவரும் அப்போது கட்டிலுக்கு அடியில் இருந்தோம். என்னுடைய கையிருப்பை அவளுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். வரப்போகும் நாட்களுக்காக நான் பதுக்கி வைத்திருந்த மூன்று டப்பாக்களும் ஒரு சின்னத் தைலப் பாட்டிலும். அவள் பாட்டிலை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

“இது ஒண்ணு எனக்குக் குடேன்டா. ஒரே ஒரு நாள்.”

“உங்க ஊட்ல இருந்து கொண்டா” என்று பிடுங்கிக்கொண்டேன். சாயங்காலம் அப்பா அவர்களை ஏரிக்கரை வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

மறுநாள் வேண்டுமென்றே அந்தத் தைலப் பாட்டிலையே எடுத்துக்கொண்டு போய் முதலாளியானேன். அவள் பார்க்க வேண்டும், வயிறு எரிய வேண்டும், அவ்வளவுதான் ஆசை. முதல் மணி அடித்து வெகுநேரம் கழித்துத்தான் வந்தாள். தலை வாரவில்லை. வழக்கமாக வாசல் வரைக்கும் வரும் அத்தையைக் காணோம். மண் மூலையில் இருந்த டீச்சர் நிமிர்ந்து, “ஏன் லேட்டு? அம்மா வரலையா?” என்றார். “அம்மா தூங்குது டீச்சர். நானே வந்தேன்.” சுற்றிலும் ஐம்பது பிள்ளைகள், எல்லோர் கையிலும் சேறு. “சரி, போய் விளையாடு” என்றார் டீச்சர்.

அவள் நேராகக் கடைக்கு வந்து, கவுனுக்குள் மறைத்து வைத்திருந்த ஒரு பாட்டிலை எடுத்துப் பெஞ்சின் மேல் வைத்தாள். பழுப்புக் கண்ணாடி. ஒட்டியிருந்த காகிதத்தில் ஒரு பூச்சியின் படம். மூக்கில் ஏறுகிற நெடி.

“எழுந்திரு. இன்னிக்கு நான்தான் முதலாளி.”

“இன்னாது இது?”

“மூட்டைப்பூச்சி மருந்து. நேத்து உங்க ஊட்ல இருந்து போவசொல்ல அம்மா கடையில வாங்கிச்சு. காலையில பாத்தா காலி. தானாவே காலியாயிருச்சு. நான் கொட்டவே இல்ல.”

“பொய்யி.”

“அம்மா சத்தியமா. அம்மா பக்கத்துலயே கெடந்துச்சு. கேட்டுட்டு எடுத்தாரலாம்னு எழுப்பினேன்டா. எழுந்துக்கவே இல்ல. நைனாவும் லோடுக்குப் போயிருச்சு.”

இத்தனையும் என் காதில் விழுந்தது. ஒரு சொல் தப்பாமல் விழுந்தது. ஆனால் புத்தியில் ஏறியது ஒன்றே ஒன்றுதான்: இந்தச் சரக்கு நம் கடையில் இல்லை, டீச்சர் பார்த்தால் முக்காலி போய்விடும். “நாத்தம் அடிக்குது. டீச்சர் திட்டுவாங்க. அப்புறமா காட்டலாம்” என்று சொல்லி, பாட்டிலை எடுத்துப் பெரிய பிஸ்கட் டின்னுக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். அவளுக்கு உதடு பிதுங்கியது. கொஞ்ச நேரம் சுவரில் சாய்ந்து நின்றாள். பிறகு, பாவம், மற்றவர்களோடு வரிசையில் வந்து நின்று என்னிடமே சாமான் கேட்டாள். ‘ப’வைத் தொட்டுக் காட்டினாள், பவுடர் டப்பாவைக் கொடுத்தேன். அதற்குள் எல்லாம் மறந்து சிரிக்க ஆரம்பித்திருந்தாள். அன்றைக்குக் கடையில் நல்ல வியாபாரம்.

சோற்று மணி அடித்ததும் டீச்சர் கைகழுவிவிட்டு அலமாரியை அடுக்க வந்தார். ஏதோ வாடை வருகிறதே என்று ஒவ்வொரு டின்னாக நகர்த்தினார். பாட்டில் கைக்கு வந்தது. காகிதத்தைப் படித்தார்.

“யாரு கொண்டு வந்தது இதை?”

அத்தை மகள் நுனிக்காலில் நின்று கையைத் தூக்கினாள். “நான்தான் டீச்சர். காலி டீச்சர். இவன்தான் ஒளிச்சு வெச்சுட்டான். அப்போ நான்தானே முதலாளி?”

“எங்கடி இருந்துச்சு? சொல்லு. எங்க இருந்துச்சு?”

அவள் என்னிடம் சொன்னதையே சொன்னாள். கேட்டுக்கொண்டிருக்கும்போதே டீச்சரின் முகத்தில் ரத்தம் வற்றியது. என்னை ஒரே ஒரு முறை பார்த்தார். பிறகு அவளை அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினார். செருப்பு வாசலிலேயே கிடந்தது. நான் இன்னும் கொஞ்ச நேரம் முக்காலியில் உட்கார்ந்திருந்தேன், எழுந்திரு என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

டீச்சர்தான் தெருவில் போன ஒரு வேனை மறித்து அத்தையைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாராம். அத்தை மறுநாள் விடியற்காலை செத்துப்போனாள். வயிற்றுவலி தாங்காமல் குடித்துவிட்டாள் என்று போலீஸில் எழுதினார்கள். அப்பா கையெழுத்துப் போட்டார், மாமாவும் போட்டார், முடிந்தது கதை. அத்தை மகள் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். முந்தாநாள் இடமில்லை என்று சொன்ன அதே வீடுதான். அவளுக்கு ஒரு பாய் போட இடம் இருக்கத்தான் செய்தது.

இரண்டு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைக்க வைத்திருப்போம் என்று டாக்டர் சொன்னதாக, அம்மா பக்கத்து வீட்டுக்காரம்மாவிடம் சொல்லி அழுதுகொண்டிருந்தாள். எனக்கு அப்போது மணி பார்க்கத் தெரியாது. இரண்டு மணி நேரம் என்றால் எவ்வளவும்மா என்று கேட்டேன். “நீ ஸ்கூலுக்குப் போயி சோத்து மணி அடிக்குற வரைக்கும்னு வெச்சுக்கோ, போ அந்தாண்ட” என்றாள். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. அத்தைமேல் பாசம் என்று நினைத்து அம்மா தலையைத் தடவிக்கொடுத்தாள்.

இதற்குள் குவார்ட்டர்ஸ் முழுக்க ஒரே பேச்சு. விஷ பாட்டிலைப் பிள்ளைகள் கையில் கொடுத்து விளையாட விட்டிருக்கிறாள் அந்த டீச்சர், அது அங்கே கிடக்கும்போது என்ன புடுங்கிக்கொண்டிருந்தாள் என்று. எல்லோரையும்விட அப்பாவின் குரல்தான் ஓங்கி ஒலித்தது. மனு எழுதி வீடு வீடாகக் கையெழுத்து வாங்கியவரும் அவர்தான். காரியம் முடிந்த மறுநாள், தலைமையாசிரியர் என்னையும் அழைத்துவரச் சொன்னார்.

தலைமையாசிரியர் அறையில் டீச்சர் நின்றுகொண்டிருந்தார். கண் உள்ளே போயிருந்தது. “தம்பி, பயப்படாம சொல்லு. அந்தப் பாட்டில் காலையிலயே வந்துச்சா? யார் வாங்கி வெச்சது?” என்று கேட்டார் தலைமையாசிரியர். அப்பா என் தோளில் கையை வைத்து அழுத்தினார். நான் வாயைத் திறப்பதற்குள் டீச்சர் பேசிவிட்டார்.

“பிள்ளையை ஏன் சார் கேக்கறீங்க? வந்ததும் என்கிட்டதான் குடுத்தா. நான்தான் என்னன்னு பாக்காம அலமாரியில வெச்சுட்டேன்.”

நான் அண்ணாந்து பார்த்தேன். பொய் சொல்லக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த அதே டீச்சர். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

அடுத்த வாரமே அவரை எங்கேயோ தூரத்துக்கு மாற்றிவிட்டார்கள். டப்பாக்கள் பழைய சாமான்காரனுக்குப் போயின. சிலேட்டுகள் வெளியே வந்தன, பிரம்பும் வந்தது, பெற்றோர்களுக்கெல்லாம் நிம்மதி. அத்தை மகள் இன்று வானகரத்தில் பேரன் பேத்தியோடு இருக்கிறாள். ஒருமுறை மெதுவாகப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். பாட்டில் நினைவிருக்கிறது, அதற்குமேல் ஒன்றும் நினைவில்லை என்றாள். நானும் அதற்குமேல் சொல்லவில்லை, எனக்கு அந்தத் தைரியம் இன்னும் வரவில்லை.

அன்று தலைமையாசிரியர் அறையிலிருந்து அப்பா என்னை சைக்கிள் பாரில் உட்காரவைத்து வீட்டுக்கு அழைத்துப்போனார். நல்ல வெயில். “அந்தப் பொம்பள ஒழுங்கா பாத்திருந்தா உங்க அத்த பொழைச்சிருப்பாடா” என்றார். கொஞ்ச தூரம் போனதும் அதையே மறுபடி சொன்னார். ஏரிக்கரைத் திருப்பத்தில், யாரும் கேட்காமலே, மூன்றாவது முறையும் சொன்னார். “ஆமாப்பா” என்றேன். உடனே அவர் வேகமாக மிதிக்க ஆரம்பித்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ஒளிப்பானேன், துள்ளிக் குதிக்கிற அளவுக்குச் சந்தோஷம். வழியெல்லாம் பெல் அடித்துக்கொண்டே போனேன். அப்பா தடுக்கவில்லை. அந்த சைக்கிளில் தப்பித்துப் போகிறவன் நான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.