காரணத்துக்குக் கட்டம் இல்லாத நோட்டு

போன செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு என் வீட்டுக் கதவை யாரோ தட்டினார்கள். தட்டினார்கள் என்று சொல்வது மரியாதைக்கு. குத்தினார்கள்.

என் மனைவி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். "போன தடவ ஒருத்தரைப் புகழ்ந்து எழுதினீங்களே, அவருதான் வந்திருக்காரு. ஆனா நன்றி சொல்ல வந்த மூஞ்சி மாதிரி தெரியல."

பத்திரிகையில் பத்தி எழுதுகிறவனுக்குத் திட்டு புதிதா என்ன? ஆனால் அதற்கும் ஒரு முறை இருக்கிறது இல்லையா... தாழ்த்தி எழுதப்பட்டவர் சண்டைக்கு வருவார். உயர்த்தி எழுதப்பட்டவர் ஸ்வீட் பாக்ஸோடு வருவார். எனக்கு மட்டும் எல்லாமே தலைகீழாக நடக்கும்.

வந்தவர் அசோகன். ஊரிகத்தில் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டுக்காரர். வயது எழுபத்து நான்கு. சுரங்கம் ஓடிய காலத்தில் எங்கள் கோலார் தங்கவயலின் பாக்ஸிங் சாம்பியன். அவர் வீட்டுச் சுவரில் புத்தர் படமும், இரண்டு கையிலும் கிளவுஸ் மாட்டிய அவர் படமும் அடுத்தடுத்த ஆணியில் தொங்கும். இரண்டு முகத்திலும் அதே அமைதி. அன்றைக்குக் காலையில் மட்டும் அது இல்லை.

நான் செய்த வேலை அப்படி. எங்கள் ஊரில் நாற்பது வருடமாகத் தீராத ஒரு வழக்கு உண்டு. பாக்ஸிங்கில் பெரிய ஆள் யார்... ஊரிகம் அசோகனா, மாரிகுப்பம் கஜேந்திரனா? ஒரே எடைப் பிரிவு, ஒரே காலம். காலை ரயிலில் இந்தப் பேச்சை ஆரம்பித்தால் பெங்களூர் வந்த பிறகும் தீராது. இறங்கிப் படியேறிக்கொண்டே சண்டை போடுவார்கள்.

தீர்த்து வைக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியிருக்கக் கூடாது.

பழைய கிளப்பின் போட்டி நோட்டு ஒரு நண்பர் வீட்டில் கிடைத்தது. செல்போன் வாங்கும்போது இரண்டு மாடலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போமே, அப்படி ஒரு அட்டவணை போட்டேன். அசோகன்: போட்டி இருபத்தாறு, வெற்றி இருபத்தாறு, தோல்வி பூஜ்யம். கஜேந்திரன்: போட்டி முப்பத்தொன்று, வெற்றி இருபத்திரண்டு, தோல்வி ஒன்பது. அந்த ஒன்பதில் இரண்டு அசோகனிடமே. இரண்டும் ஃபைனல். "இனி பேச்சுக்கே இடமில்லை" என்று முடித்து, இதே பக்கத்தில் வெளியிட்டும் விட்டேன்.

தோல்வியே காணாதவன் என்ற வகையில் அசோகனுக்கு நான் சளைத்தவன் இல்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். என் ரெக்கார்டு: போட்டி பூஜ்யம், தோல்வி பூஜ்யம். பள்ளியில் டிரில் மாஸ்டர் ஒருமுறை கிளவுஸ் மாட்டிவிட்டார். மூக்கைச் சொறிவதற்காகக் கழற்றினேன். திரும்ப மாட்டவே இல்லை.

"இன்னாப்பா எழுதி வெச்சிருக்கிற?" என்றார் அசோகன், நாற்காலியைக் காட்டியும் உட்காராமல்.

"உங்களை நல்லபடியாத்தானேண்ணா எழுதியிருக்கேன்?"

"அதான் கேக்குறேன். யாரு எழுதச் சொன்னா?"

"நோட்டுல இருக்கிறதைத்தான்..."

"நோட்டா வந்து ரிங்குல நின்னுச்சு?"

அவரே சட்டென்று குரலை இறக்கிக்கொண்டார். "கஜா பதினெட்டு நாளா டீக்கடைக்கு வரலப்பா."

கஜா என்பது கஜேந்திரன்தான். தினமும் மாரிகுப்பத்தில் காலை ரயில் ஏறி ஊரிகத்தில் இறங்குவார். ஸ்டேஷனுக்கு வெளியே பாபு கடை. அசோகன் பெஞ்சில் இடம் பிடித்து வைத்திருப்பார். இரண்டு டீ, ஒரு பன், ஆளுக்குப் பாதி. சுரங்கத்தை மூடிய நாளிலிருந்து இதுதான் இருவருக்கும் ஷிஃப்ட். நடுவில் சாம்பியன் என்று ஒரு ஸ்டேஷனும் உண்டு. ஆனால் இவர்கள் இரண்டு பேரும் அங்கே இறங்கி யாரும் பார்த்ததில்லை.

"பாபுதான் உன் பேப்பரைச் சத்தமா படிச்சான். கஜா என் பக்கத்துல ஒக்காந்துகினு இருந்தான். 'இரண்டு ஃபைனலிலும் கஜேந்திரனைத் தோற்கடித்தார்'னு வந்ததும் கடைல எல்லாரும் கை தட்டுனானுங்க. கஜா என்னைப் பாத்தான்."

"நீங்க என்னண்ணா பண்ணீங்க?"

"டீயைப் பாத்தேன்."

கஜேந்திரன் பாதி பன்னை அப்படியே வைத்துவிட்டு அடுத்த ரயிலில் திரும்பிவிட்டாராம்.

"அவனை நான் தோக்கடிச்சதே இல்லப்பா," என்றார் அசோகன். "ஒரு நாள்கூட அவனும் நானும் ஒரே ரிங்குல நின்னதில்ல."

பிறகுதான் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன்.

விஷயம் இதுதான். அசோகனுக்குத் தரைக்கு மேலே ஒர்க்‌ஷாப்பில் வேலை. ஜெனரல் ஷிஃப்ட். சாயங்காலம் கையைக் கழுவிக்கொண்டு நேராக ரிங்குக்குப் போய்விடலாம். கஜேந்திரன் அண்டர்கிரவுண்ட். வாரம் மாறினால் ஷிஃப்ட் மாறும். போட்டி நடக்கிற சாயங்காலம் அவர் பூமிக்கு அடியில் இருந்தால்? ரெஃப்ரி மூன்று தடவை பெயர் சொல்லிக் கூப்பிடுவார். மைனுக்குள் கேட்குமா? ரிங்கில் தனியாக நிற்கிற எதிராளியின் கையைத் தூக்கிவிடுவார். வாக் ஓவர். நோட்டில் ஒருவர் பெயரில் வெற்றி, இன்னொருவர் பெயரில் தோல்வி. ஏன் என்று எழுத அந்த நோட்டில் கட்டமே கிடையாது. அதைப் பார்த்துப் பத்தி எழுதியவனுக்குக் கேட்கிற புத்தியும் கிடையாது.

முதல் ஃபைனல் அன்றைக்குக் கஜேந்திரனுக்கு இரண்டாம் ஷிஃப்ட். மாற்றிக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை. இரண்டாவது ஃபைனலுக்குக் கெஞ்சிக் கூத்தாடி முதல் ஷிஃப்டுக்கு மாற்றிக்கொண்டார். மத்தியானம் மேலே வந்துவிடலாம். ஆனால் அன்றைக்குப் பார்த்து உள்ளே ஒரு இடத்தில் கல் சரிந்தது. உயிருக்கு ஆபத்தில்லை, நாலைந்து பேருக்கு அடி. அடிபட்டவர்களைத்தான் கேஜில், அதாவது மேலே தூக்கும் இரும்புக் கூண்டில், முதலில் ஏற்றுவார்கள். அப்புறம் ஆழமான லெவலில் இருந்து வருகிறவர்கள். அதற்கப்புறம்தான் மற்றவர்கள். கஜேந்திரன் அந்த வரிசையில் நின்றார். ஃபைனல் இருக்கிறது, வழிவிடுங்கள் என்று கேட்கவில்லை.

"குளிக்கக்கூட இல்ல, தலையெல்லாம் தூசியோட ஓடி வந்தான். நான் கப்பைப் புடிச்சிகினு நிக்கிறேன். அவன் இன்னா பண்ணான் தெரியுமா? கை தட்டினான்." அசோகன் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். "'இன்னொரு நாள் ஆடலாம்டா'ன்னு ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். சொல்லல. தோத்துடுவேன்னு பயம்ப்பா. அப்பால ஜனங்களே எல்லாத்தையும் மறந்துட்டாங்க. அசோகன் ஜெயிச்சான்ங்கிறது மட்டும் நின்னு போச்சு."

அன்று மத்தியானம் இருவரும் மாரிகுப்பம் போனோம்.

கஜேந்திரன் வாசலில் உட்கார்ந்து, ஊற வைத்த அவரைக் கொட்டையைப் பிதுக்கிக்கொண்டிருந்தார். ஒரு அழுத்து, தோல் கையில் நிற்கும், பருப்பு பாத்திரத்தில் விழும். தலையை நிமிர்த்திப் பார்த்தார்.

"வாங்க சாம்பியன். ஒக்காருங்க."

அசோகனின் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். நாற்பது வருடம் 'வாடா போடா' என்று கூப்பிட்ட வாய் 'வாங்க' என்கிறது. அதைவிடக் கனமான குத்து எந்த ரிங்கிலும் அவர் வாங்கியிருக்க மாட்டார்.

என் பக்கம் திரும்பினார் கஜேந்திரன். "ஒம்போது தோல்வின்னு எழுதியிருக்கியே, அதுல ஆறு நேரம் நான் மைனுக்குள்ள கீறேன். என்னை அடிச்சது மூணே பேரு. அந்த மூணு பேரை ஒத்துக்குறேன். நல்லா அடிச்சானுங்க."

"தப்புதாண்ணா. பேப்பர்ல திருத்தம் போட்டுடறேன்."

"பேப்பர் உன்னுது, இன்னா வேணா போடு. டீக்கடை எங்களுது." பிதுக்கின பருப்பு ஒன்று பாத்திரத்தைத் தாண்டிப் போய் விழுந்தது. அசோகனைப் பார்த்துச் சொன்னார்: "நாப்பது வருசமா நான் கேக்கல. கேக்கவும் மாட்டேன். ஆனா அன்னிக்கு பாபு படிச்சு முடிச்சதும் நீங்க வாயைத் தொறந்திருக்கணும். அதே கடைல. அதே ஆளுங்க முன்னால."

அசோகன் ஒரு கைப்பிடி அவரையை எடுத்துப் பிதுக்க ஆரம்பித்தார். நானும் பிதுக்கினேன். என்னுடையதில் பாதி தோலோடு நசுங்கியது.

கிளம்பும்போது அசோகன் கேட்டார், "நாளைக்கு வர்றியா?"

"ரயில் வந்தா பாக்கலாம்."

திரும்பும் ரயிலில் என் நோட்டில் புதிதாக ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கஜேந்திரன் உண்மையில் குத்தியது இருபத்தைந்து போட்டி, அதில் தோற்றது மூன்றே மூன்று. அசோகனின் இருபத்தாறில் ஏழு சும்மா வந்ததாம், அவரே சொன்னார். இதை வைத்தும் ஒரு தீர்ப்பு எழுதலாமே என்று கை அரித்தது. பக்கத்தில் இருந்த அசோகனின் முகத்தைப் பார்த்துவிட்டு நோட்டை மூடினேன்.

யோசித்துப் பாருங்கள், நாம் எல்லோரையும் இப்படித்தானே அளக்கிறோம்? மார்க் ஷீட்டில், பயோடேட்டாவில், ஜாதகம் பார்க்கிற இடத்தில்... பையன் இரண்டு வருடம் வேலையில்லாமல் இருந்தான் என்று தெரியும். அந்த இரண்டு வருடம் அவன் எந்த லெவலில், யாருக்கு வழிவிட்டு, எந்தக் கேஜுக்காக நின்றான் என்பது மட்டும் தெரியவே தெரியாது.

மறுநாள் காலை ரயில் லேட். அசோகன் பெஞ்சில் உட்காராமல் பிளாட்பாரத்திலேயே நின்றார். வந்த ரயிலிலிருந்து ஜனம் இறங்கியது... கடைசியாகக் கஜேந்திரனும் இறங்கினார். இருவரும் பாபு கடைக்கு நடந்தார்கள். நான் பின்னால்.

கடையில் பழைய ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள். அசோகன் நின்றுகொண்டே சொன்னார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. அந்த ரெண்டு கப்பும் நான் ரிங்குல சும்மா நின்னு வாங்கினது. கஜாவை அடிச்சு வாங்கினது இல்ல. அவன் அப்போ மைனுக்குள்ள மாட்டிக்கினு இருந்தான். அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அன்னிக்கு வாயை மூடிகினு ஒக்காந்திருந்தேன்."

பாபு சமாதானமாக, பாதிக் கன்னடத்தில், "ஹோக்லி பிடிண்ணா, பழைய கதை. விட்டுத் தள்ளுங்க," என்றான்.

"நீ பேசாதடா. சத்தமா படிச்சவனே நீதான?" என்ற அசோகன், கஜேந்திரன் பக்கம் திரும்பினார். "இவன் ரிங்குல ஏறியிருந்தா இன்னா ஆயிருக்கும்னு எனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும்," என்றார் கஜேந்திரன், பன்னை இரண்டாகப் பிய்த்துக்கொண்டே.

"இன்னா தெரியும்?"

"ரெண்டாவது ரவுண்டுல படுத்திருப்படா."

அசோகனின் காது அந்த 'டா'வைப் பிடித்துக்கொண்டது. முகமெல்லாம் மலர்ந்தது. ஆனால் வாய் விட்டுக் கொடுக்குமா?

"நானா? உன் லெஃப்ட்டு எப்பவும் எறங்கியேதாண்டா இருக்கும்!"

"எறங்குமா? எங்க, ஏந்திரு. காட்டுறேன்."

டீ கிளாஸை வைத்துவிட்டு இருவரும் எழுந்துவிட்டார்கள். எழுபத்து நான்கும் எழுபத்து மூன்றும் முஷ்டியைத் தூக்கி நிற்கிறது. கடையே சிரித்தது. எனக்கு மட்டும் பயம் வந்துவிட்டது. இத்தனை வினைக்கும் நான்தானே காரணம்? சமாதானத் தூதுவனாக இரண்டு கையையும் விரித்தபடி நடுவில் புகுந்தேன்.

அடுத்து எனக்கு நினைவிருப்பது... தரை. மூக்குக் கண்ணாடிக்கு ஒரு காது போயிருந்தது. கைகொடுத்துத் தூக்கிவிடுவார்கள் என்று அண்ணாந்து பார்த்தேன்.

"என் ரைட்டுதாண்டா அது!"

"போடா, என் லெஃப்ட்டு! எறங்கிச்சா? இப்ப சொல்லு, எறங்கிச்சா?"

வழக்கு இன்னும் நடக்கிறது. தினமும் காலையில், அதே பெஞ்சில், ஆளுக்குப் பாதி பன்னோடு.

நான் வீட்டுக்கு வந்து, நோட்டில் என் பெயருக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, இந்தத் தடவை ஒரு கட்டம் கூடுதலாகவே கோடு போட்டேன். போட்டி: ஒன்று. தோல்வி: ஒன்று. காரணம்: நடுவில் நின்றான்.