ஈயக்கட்டியைப் பார்த்து நின்றவர்

அவர் யாருடைய முகத்தையும் பார்த்துப் பேசமாட்டார். எதிரே நிற்பவரின் சட்டைப் பொத்தானில்தான் பார்வை நிற்கும். குட்டையான மனிதர், வலது தோள் மட்டும் புடைத்திருக்கும்.

இலங்கை மலையகத்தில் லிந்துலைப் பக்கம், வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் கட்டிய எங்கள் தேவாலயத்தின் குழாய் ஆர்கனுக்குக் காற்றடிப்பவர் அவர். மோட்டார் பூட்டிய பிறகும், கரண்ட் போனால் அவர்தான். பலகைத் தடுப்புக்குப் பின்னால் நின்று துருத்தியின் கைக்கட்டையை ஏற்றி இறக்க வேண்டும். நெஞ்சு உயரத்தில் நூலில் ஓர் ஈயக்கட்டி தொங்கும். காற்றுக் குறைந்தால் அது மேலேறும். பலகையில் கிழித்திருக்கும் கோட்டைத் தாண்டினால் பாட்டு நின்றுவிடும்.

அவருடைய மனைவியின் அடக்க ஆராதனை அன்றும் கரண்ட் இல்லை. வேறு யாராவது அடிக்கட்டும் என்று போதகர் சொல்லியும் கேட்காமல், அவரே தடுப்புக்குப் பின்னால் போய்விட்டார். சவப்பெட்டியும் பின்னால் போகிறவர்களும் வாசலைத் தாண்டும்வரை ஆர்கன் ஒலிப்பது எங்கள் வழக்கம். அவர் வெளியே வந்தபோது பெட்டி தேயிலைக்கு நடுவே கல்லறைக்குப் பாதித் தூரம் போயிருந்தது.

மறு ஞாயிறு என் பொத்தானைப் பார்த்துக் கேட்டார்.

"சார், அன்னைக்குக் கோயில்லேருந்து பெட்டிய தூக்கையில தலைமாட்டுல யாருங்க புடிச்சது?"

"நான்தாங்க. நீங்க வந்து புடிச்சிருக்கலாமே?"

"எப்படிங்க? நான் கைய விட்டா அவளுக்குப் பாட்டு பாதியில நின்னுருமே."

அப்போதுதான் அவர் பார்வை பொத்தானை விட்டு உயர்ந்தது. முகம்வரை வரவில்லை. பெட்டியைச் சுமந்த என் தோளில் நின்றது. அந்தப் பார்வையில் நன்றி இருந்தது என்று சொல்ல எனக்கு ஆசைதான்.