ஞாயிற்றுக்கிழமை பிஸ்கட் டின்

இன்று ஞாயிறு. கனடாவில் இருக்கும் மகள் கோல் எடுக்கிற நாள். விடிந்ததிலிருந்து போனையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

செட்டிபாளையம் பஸ்ஸில் கண்ட பெரியவர் ஒருவர் ஞாபகத்துக்கு வந்துவிட்டார்.

அறுபதுகளின் கடைசி. அரசாங்கம் ஞாயிறு லீவை எடுத்துவிட்டு, பௌத்தர்களின் பிறைநாளான போயாவுக்குத்தான் லீவு என்று மாற்றியிருந்த காலம். நான் புது வாத்தியார். ஞாயிறும் பள்ளிக்கூடம் போகவேண்டும்.

பக்கத்தில் அவர். வெள்ளைச் சட்டை, மடியில் பழைய பிஸ்கட் டின்.

"மாதா கோயில்ல பூசை கண்டுட்டு மகள்ற வீட்டுக்குப் போறன் மனே. றால் பொரிச்சுக் கொண்டுபோறன். ஞாயிறு மத்தியானம் எனக்கு அங்கதான் சாப்பாடு."

"இண்டைக்கு அவங்களுக்கு வேலையெல்லோ ஐயா? பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் இருக்கே."

"ஓம், ஒருத்தரும் இருக்கமாட்டாங்க. கதவுத் திறப்பு எங்க ஒளிச்சு வெச்சிருக்கெண்டு எனக்குத் தெரியும்."

"அப்ப போயாவுக்குப் போகலாமே?"

"போயாவில அவங்களுக்கு ஆயிரம் சோலி. நான் இதை மேசையில வெச்சிட்டு, போன கிழமை டின்னை எடுத்துக்கொண்டு வருவன். கழுவித் துடைச்சு வெச்சிருப்பாள். நல்ல பிள்ளை."

இறங்கி நடக்கும்போது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இருபத்திமூன்று வயது.

இப்போது போன் சிணுங்கியது. காலையில் நான் அனுப்பிய வணக்கப் படத்துக்கு மகள் ஒரு கட்டைவிரல் போட்டிருக்கிறாள். கோல் இல்லை.

எனக்கு டின் கழுவி வந்துவிட்டது. உங்களுக்கு வந்ததா?